உதறியதும் உடன் கொண்டுவந்ததும்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் ஆண்டுக்கு நாலைந்து தடவையாவது இந்தச் செய்தி வந்துவிடுகிறது. லட்சத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பொறியாளர் வேலையை உதறிவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை எழுத வந்துவிட்டார். கூடவே புகைப்படம்: ஜிப்பா, சுற்றிலும் பிள்ளைகள், கையில் ஒரு துணிப்பொம்மை. சம்பளம் எவ்வளவு என்பது பேட்டியில் இருக்கும். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதும் இருக்கும். அவர் என்ன எழுதினார் என்பது மட்டும் கடைசிப் பத்தியில் ஒரு வரி.

அப்படி வேலையை விட்டு வந்த நண்பர் ஒருவர் தன் முதல் கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கொடுத்தார். காட்டில் ஒரு சிங்கம், அதற்குத் தலைக்கனம், ஒரு முயல் அதற்குப் பாடம் புகட்டுகிறது. மொழி சுத்தமாக இருந்தது, சந்திப்பிழைகூடக் கிடையாது. பஞ்சதந்திரத்தில் சாகாமல் தப்பிய அதே முயல்தான். “நீங்கள் என்ன வேலை சார் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். லிஃப்டை இயக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையாம், பதினாறு வருடம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றதும் மனிதர் முகமே மாறிவிட்டது. டீக்கடை மேசையில் இரண்டு டம்ளரை வைத்து விளக்க ஆரம்பித்தார். லிஃப்ட் கூண்டு கயிற்றின் ஒரு முனையில் தொங்கினால் மறுமுனையில் ஓர் எடைக்கல் தொங்கும். கூண்டு மேலே போனால் எடைக்கல் கீழே வரும். அந்த எடைக்கல் காலிக் கூண்டைவிடக் கனமானது, ஏறக்குறைய பாதி ஆட்கள் ஏறிய கூண்டின் கனம். ஆகவே ஆளில்லாத லிஃப்டை மேலே அனுப்ப மோட்டாருக்குச் சிரமமே இல்லை, கல்லே இழுத்துவிடும். கீழே கொண்டுவரத்தான் மோட்டார் உழைக்க வேண்டும்!

எனக்கு இது தெரியாது. ஐம்பது வருடமாக லிஃப்டில் ஏறி இறங்குகிறேன். “இதை ஏன் சார் எழுதவில்லை?” என்றேன். “அதெல்லாம் வேலை விஷயம். குழந்தைகளுக்கு எதுக்கு?” என்றார்.

அந்த ‘எதுக்கு’ என்ற கேள்வியோடுதான் இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினேன். தொழில்நுட்பம் படித்து, அதில் வேலையும் பார்த்து, குழந்தை இலக்கியத்துக்கு வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் நிலைத்தவர்கள் யாரென்று பார்த்தால், பழைய வேலையைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தவர்கள் அல்லர். அதைக் கையோடு தூக்கி வந்தவர்கள்.

என் கணக்கில் முதலிடம் ஜப்பானியரான சதோஷி காகோவுக்கு. 1926இல் ஃபுகுய் மாகாணத்தில் பிறந்தவர், 2018இல் 92ஆம் வயதில் இறந்தார். 600க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியிருக்கிறார். இன்று ஜப்பானில் பாட்டியும் பேத்தியும் ஒரே காகோ புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களாக இருப்பது சாதாரணம். அவர் முறையாகப் படித்தது வேதிப்பொறியியல் சார்ந்த படிப்பு. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1948இல் பட்டம் பெற்றார். ஷோவா டென்கோ என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பிறகு பொறியியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

பள்ளி நாட்களில் அவருக்கு ராணுவ விமானி ஆக ஆசை. கிட்டப்பார்வை குறுக்கே நின்றது. கண் நன்றாக இருந்த நண்பர்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை. 1945இல் ஜப்பான் தோற்றபோது அவருக்கு 19 வயது. நேற்றுவரை போருக்காகத் தொண்டை கிழியக் கத்திய பெரியவர்கள் மறுநாளே ‘நான் அப்போதே வேண்டாமென்று சொன்னேன்’ என்று பேசத் தொடங்கியதைப் பார்த்து வெறுத்துப்போனார். தானும் யோசிக்காமல் அந்தக் கூட்டத்தோடு போனவன்தானே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பெரியவர்களைத் திருத்த முடியாது, சொந்தமாக யோசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உருவாகத் தன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என முடிவெடுத்தார். 2014இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூலின் அடிநாதம் இதுதான்.

முடிவெடுத்தது அந்த வயதில். வேலையை விட்டது 1973இல், 47 வயதில். நடுவில் கால் நூற்றாண்டு அவர் காலையில் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனார். இணைப்பிதழ்க் கட்டுரைகள் தாண்டிப் போகிற இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். ஓய்வு நாட்களில் அவர் கவாசாகியின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காமிஷிபாய் காட்டினார். மரச்சட்டத்துக்குள் படத்தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்லும் தெருக்கலை அது. கதை சப்பென்று இருந்தால் அந்தப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், தும்பி பிடிக்க, ஓடையில் கைவிட்டு எதையாவது துழாவ. சொல்பவர் மனம் நோகுமே என்று உட்கார்ந்திருக்கும் நாகரிகம் அந்த வயதில் கிடையாது. பல்கலைக்கழகம் படித்த தன் கதையைவிட ஒரு தும்பி சுவாரசியமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது காகோவுக்கு. ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு இது புரியும். சோதனை தோற்றால் குழாயைத் திட்ட முடியாது.

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த நெருக்கடியில், நேரமில்லாமல் அவசரத்துக்குக் கோட்டுச் சித்திரமாகக் கிறுக்கி எடுத்துப் போன கதை ஒன்று: திருடர் பள்ளி. திருடுவது எப்படி என்று பாடம் நடத்தும் முரட்டு வாத்தியார், அவருக்கு அடங்கிய முட்டாள் மாணவர்கள். கடைசியில் ஊரிலேயே பெரிய கட்டடமாகப் பார்த்துக் கன்னமிடப் போகிறார்கள். அது சிறைச்சாலை! வண்ணம் தீட்டி அக்கறையாக வரைந்த கதைகளை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் வாராவாரம் இதைத்தான் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். 1973இல் புத்தகமாக வந்தபோதும் அந்த முரட்டுக் கோட்டை அவர் பெரிதாக மெருகேற்றவில்லை. கேட்டவர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய முதல் புத்தகம் 1959இல் வந்தது. ‘அணைக்கட்டு மாமாக்கள்’ என்று சொல்லலாம். மலைக்குள் நீர்மின் அணை கட்டப்போகும் தொழிலாளர்களைப் பற்றியது. அப்போது ஜப்பானில் குரோபே போன்ற பெரிய அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். புத்தகத்தில் முயலும் இல்லை, இளவரசனும் இல்லை. அளவெடுக்கிறார்கள், பாறையை உடைக்கிறார்கள், கான்கிரீட் கொட்டுகிறார்கள், பனி பெய்கிறது, ஓய்வெடுக்கிறார்கள், மறுபடி வேலைக்குப் போகிறார்கள். 1966இல் வந்த ‘ஆறு’ என்ற நூல் ஒரு நதியை மலைச்சுனையிலிருந்து கடல்வரை பின்தொடர்கிறது. பருந்துப் பார்வையில் வரைந்த பக்கங்களில் மின் நிலையம் வருகிறது, வயல் வருகிறது, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வருகிறது, மீன் பிடிப்பவர்கள் வருகிறார்கள். ஒரு பக்கத்தில் ஓரமாக வெளியேறும் ஆறு அடுத்த பக்கத்தில் அதே இடத்தில் நுழையும். பொறியியல் வரைபடம் போட்ட கைக்குத்தான் இந்தப் பொறுப்பு வரும். 2016இல் இதையே மடிப்பு மடிப்பாக விரியும் ஒரே நீளச் சுருளாகவும் வெளியிட்டார்கள்.

‘காக்கையின் ரொட்டிக்கடை’ 1973இல் வந்தது, அவர் வேலையை விட்ட அதே வருடம். ஒரு காக்கைக் குடும்பம், நான்கு குஞ்சுகள், வியாபாரம் படுத்துவிட்ட ரொட்டிக்கடை. கதை இவ்வளவுதான். ஆனால் நடுவே இரண்டு பக்கம் நிறைய ரொட்டிகள் வரைந்திருக்கிறார். விதவிதமான உருவங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோடு. எந்தக் குழந்தையும் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப விடாது. ‘எனக்கு இது, உனக்கு அது’ என்று விரலால் தொட்டுக்கொண்டே இருக்கும். எல்லா வகையையும் ஒரே இடத்தில் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வுக்கூட வழக்கம். தருமா பொம்மைக் குழந்தையைப் பற்றி 1967இல் எழுதிய கதையிலும் இதையே செய்தார். குழந்தை ஒரு விசிறி கேட்டால் அப்பா வீட்டிலுள்ள எல்லா விசிறிகளையும் கொண்டுவந்து பரப்புவார். பிள்ளை கேட்டது அவற்றில் இருக்காது. கடைசியில் தோட்டத்து இலை ஒன்றே விசிறியாகிவிடும்.

பிற்காலத்தில் அவர் நாடெங்கும் திரிந்து பிள்ளைகளின் தெரு விளையாட்டுகளைத் திரட்டினார். பாண்டியாட்டம் போல் தரையில் கோடு கிழித்து ஆடுவது, பாடிக்கொண்டே படம் வரைவது, இப்படி. எந்த ஊரில் எந்த மாதிரிக் கட்டம் என்று வேதியியல்காரரின் பொறுமையோடு வகைப்படுத்தினார். நான்கு தடித்த தொகுதிகள். இதற்கும் சேர்த்து 2008இல் கிக்குச்சி கான் பரிசு கிடைத்தது.

அதே ஜப்பானில் அவருக்கு முந்தைய தலைமுறையில் கென்ஜி மியாசாவா. மண்ணியல் படித்தவர், ஹனமாகி வேளாண் பள்ளியில் ஆசிரியர். 1926இல் வேலையை விட்டுவிட்டு உழவரோடு வாழப் போனார். அவர்கள் வயலுக்கு எந்த உரம் எவ்வளவு என்று காசு வாங்காமல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். உயிரோடு இருந்தபோது வந்த ஒரே சிறுவர் கதைத் தொகுப்பு (1924) விற்கவில்லை. 1933இல் 37 வயதில் காசநோய்ப்பட்டு இறந்தார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய ‘குஸ்கோ புதோரி’ கதையில், குளிரால் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வருகிறது. எரிமலையை வெடிக்கவைத்தால் வரும் கரியமிலவாயு பூமியைச் சூடாக்கும் என்று கணக்கிட்டு, நாயகன் தன் உயிரைக் கொடுத்து அதை வெடிக்கவைக்கிறான். 1932இல், சிறுவர் கதையில், கரியமிலவாயுவும் பூமியின் வெப்பமும்! மண்ணையும் வானிலையையும் தொழிலாகப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கற்பனை வரும்.

ரஷ்யாவில் கதை வேறு மாதிரி. அங்கே விரும்பி உதறியவர்களைவிடத் தள்ளப்பட்டு வந்தவர்கள் முக்கியம். போரிஸ் ஜித்கோவ் (1882-1938) ஒடெஸ்ஸா துறைமுகத்தில் வளர்ந்தவர். இயற்கை அறிவியல் பட்டம் ஒன்று, கப்பல் கட்டும் பொறியாளர் பட்டம் இன்னொன்று. பாய்மரக் கப்பல் ஓட்டியிருக்கிறார், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் விமான எஞ்சின்களைச் சோதித்து வாங்கும் பணியில் இருந்திருக்கிறார். புரட்சிக்குப் பிந்தைய குழப்பத்தில் நாற்பது வயதைத் தாண்டி வேலை தேடி, பின்னாளில் லெனின்கிராடு ஆன பெட்ரோகிராடுக்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. பள்ளித்தோழரான கோர்னேய் சுகோவ்ஸ்கியின் வீட்டில் பிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்ல, அவர் ‘இதை எழுதேன்’ என்று தூண்டினார். எழுதிக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தைத் திருத்தத் தயாராகப் பென்சிலோடு உட்கார்ந்த சுகோவ்ஸ்கி, பென்சிலுக்கு வேலையே இல்லாமல் முடித்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1924இல் முதல் நூல். பதினான்கே வருடம் எழுதினார், கப்பல், யானை, மின்சாரம், தச்சுவேலை என்று எதை எடுத்தாலும் கையால் தொட்ட மனிதனின் எழுத்து. அவர் இறந்தபின் 1939இல் வந்த ‘நான் பார்த்தவை’ நான்கு வயதுப் பையனின் பார்வையில் ரயிலையும் மெட்ரோவையும் மிருகக்காட்சிசாலையையும் விவரிப்பது. நான்கு வயதுக்குத் தெரிந்த சொற்களுக்குள்ளேயே அத்தனையையும் சொல்வது எத்தனை கஷ்டம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் முயன்று பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எம். இலின், பழைய சோவியத் நூல்களைப் படித்தவர்களுக்குக் கேள்விப்பட்ட பெயராக இருக்கலாம். கவிஞர் சாமுயில் மர்ஷாக்கின் தம்பி. லெனின்கிராடில் தொழில்நுட்பக் கல்வி முடித்த வேதிப் பொறியாளர், தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காசநோய் அவரைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்பியது. விளக்கின் கதை (1927), கடிகாரத்தின் கதை, எழுத்தின் கதை என்று வரிசையாக எழுதினார். 1929இல் ‘ஒரு லட்சம் ஏன்கள்’. வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுலா: தண்ணீர்க் குழாய், அடுப்பு, சமையலறை அலமாரி, துணி பீரோ. தண்ணீர் ஏன் நெருப்பை அணைக்கிறது, ரொட்டியில் ஏன் ஓட்டை, சட்டை ஏன் சூடாக வைக்கிறது? பரிசோதனைக்கூடம் தேவையில்லை, வீட்டை விட்டு வெளியே போகவும் வேண்டாம். தலைப்பைக் கிப்ளிங்கின் கவிதையிலிருந்து எடுத்தார். அதே தலைப்பைச் சீனர்கள் எடுத்துக்கொண்டு 1961இல் ஷாங்காயில் ஒரு சிறுவர் அறிவியல் வரிசையைத் தொடங்கினார்கள். தலைமுறைகளாக அதன் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இவர்களையெல்லாம் ‘அறிவியல் எழுத்தாளர்கள்’ என்று ஒதுக்கி, கற்பனைக்கும் இயந்திரத்துக்கும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கல்கத்தாவில் இருக்கிறது. சுகுமார் ராய் (1887-1923) மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர். 1911இல் உதவித்தொகையில் இங்கிலாந்து போய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் புகைப்பட அச்சுத் தொழில்நுட்பம் கற்றார். தந்தை உபேந்திரகிஷோர், படத்தைப் புள்ளிகளாக உடைத்து பிளாக் எடுக்கும் முறையில் இங்கிலாந்துக்காரர்களே கவனித்த ஆய்வுகளைச் செய்தவர். ‘சந்தேஷ்’ சிறுவர் இதழை 1913இல் தொடங்கி, வண்ணப்படங்களைச் சொந்த அச்சகத்தில் அடித்தவர். தந்தை இறந்தபின் அச்சகமும் இதழும் மகன் தோளில் ஏறின. அந்த அச்சகத்திலிருந்துதான் வங்காளத்தின் ஒப்பற்ற அபத்தப் பாடல்கள் பிறந்தன. அவற்றில் ஒரு சித்தப்பா ஓர் இயந்திரம் கண்டுபிடிப்பார். உடம்பில் கட்டிக்கொண்டால் முகத்துக்கு முன்னால் தின்பண்டம் தொங்கும், எட்டாது. அதை எட்டிப் பிடிக்க நடந்து நடந்தே ஐந்து மணி நேர தூரத்தை ஒன்றரை மணியில் கடந்துவிடலாம். உள்ளே தர்க்கம் எங்கும் இடறவில்லை. நிஜ இயந்திரத்தின் விளக்கக்குறிப்பை எழுதத் தெரிந்தவர் எழுதிய பொய் இயந்திரம் அது. வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரு மிருகம் செய்தாலும் எந்த எழுத்தில் வெட்டி எந்த எழுத்தில் ஒட்டினோம் என்பது தெரியும்படி செய்வார். காலா அசார் காய்ச்சலில் 36 வயது முடிவதற்குள் போய்விட்டார். அந்தப் பாடல்களின் தொகுப்பான ‘ஆபோல் தாபோல்’ அவர் இறந்து ஒன்பதாம் நாள் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தின் பக்க அமைப்பையும் படங்களையும் படுக்கையில் கிடந்தபடியே சரிபார்த்தவர், அச்சான பிரதியைப் பார்க்கவில்லை.

ஆலிஸின் அற்புத உலகத்தை 1865இல் தந்த கணித விரிவுரையாளர் டாட்சனைச் சொல்லாமல் விட முடியாது, எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் நீட்டவும் வேண்டாம். புத்தகம் புகழ்பெற்ற பிறகும் 1881வரை அவர் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நார்ட்டன் ஜஸ்டர் நகரங்களைப் பற்றி ஒரு நூல் எழுத உதவித்தொகை வாங்கிவிட்டு, அதை எழுதச் சோம்பி, 1961இல் ‘மாயச் சுங்கச்சாவடி’யை எழுதினார். எண்களுக்கு ஒரு நகரம், சொற்களுக்கு ஒரு நகரம் என்று கட்டியிருப்பார். அவரும் கட்டடத் தொழிலை விடவில்லை. இப்படிப் பட்டியலிட்டுப் பார்த்தால், ‘உதறினார்’ என்ற சொல்லே பெரும்பாலும் பொருந்தவில்லை. விட்டவர்களில் ஒருவரை நோய் வெளியேற்றியது, ஒருவரை வரலாறு. மியாசாவா விட்டது உழவருக்காக. எழுத்துக்காகத் திட்டமிட்டு விட்டவர் காகோ ஒருவர்தான், அதுவும் கால் நூற்றாண்டு கழித்து.

மெய்யாகவே உதறியவர் நம் நாட்டில் ஒருவர் இருக்கிறார். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் 1975இல் மின்பொறியியல் முடித்து, புனேயில் லாரி தயாரிக்கும் டெல்கோவில் சேர்ந்தார். லாரி செய்வதற்குத் தான் பிறக்கவில்லை என்பதைச் சீக்கிரமே உணர்ந்துவிட்டதாகச் சொல்வார். 1978இல் விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமத்து வாரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பொருட்களைத் தேடியபோது சைக்கிள் வால் டியூப் கண்ணில் பட்டது. சிறு துண்டாக நறுக்கி, இரு பக்கமும் ஒரு தீக்குச்சியைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று துண்டு: முக்கோணம். அமுக்கிப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்ந்து படுத்துவிடும். குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்தால் இரண்டு முக்கோணமாகி அசையாமல் நின்றுவிடும். மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு விரலில் புரிந்துவிடுகிறது. மூன்று குச்சிகளை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் டியூபைக் கருவேல முள்ளால் குத்தி ஓட்டை போடலாம். இதுதான் அவருடைய முதல் நூலான தீக்குச்சி மாதிரிகள். குப்பையிலிருந்து பொம்மை என்று அதற்குப் பிறகு நூல்கள் வரிசையாக வந்தன, பல இந்திய மொழிகளில், தமிழிலும். 2018இல் பத்மஸ்ரீ. ஐஐடியில் படித்த மின்பொறியியலை அவர் உதறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாரியை உதறினார், மூட்டைக் கொண்டுவந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் குழந்தை இலக்கியத்தின் பெரிய பெயரான அழ. வள்ளியப்பா வங்கி அதிகாரி. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியதும், ஆயிரக்கணக்கில் பாடல்கள் எழுதியதும் வங்கி வேலையோடுதான். ஓய்வுக்குப் பிறகே ‘கோகுலம்’ ஆசிரியரானார். பெ. தூரன் கணிதம் படித்தவர், ஆசிரியராக இருந்தவர். சிறுவர் கதைகளும் பாடல்களும் எழுதியதோடு, பத்துத் தொகுதி கலைக்களஞ்சியத்துக்கும், அதன் பின் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதி களஞ்சியத்துக்கும் முதன்மை ஆசிரியர். அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு ஈடாக இன்னொன்று அரை நூற்றாண்டாகத் தமிழில் வரவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் இருந்த சுஜாதா பெரியவர்களுக்கு அறிவியலை அள்ளிக் கொடுத்தார். ஆனால் பிள்ளைகளுக்கென்று எழுதிய ‘பூக்குட்டி’ இரண்டு சிறுமிகளின் நட்பைப் பற்றியது, பொறியாளர் அதில் ஒதுங்கி நிற்கிறார். மென்பொருள் துறையில் இருந்துகொண்டே விழியன் எழுதுகிறார். 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். விருது வாங்கிய ‘ஆதனின் பொம்மை’ கீழடிக்குப் போகும் கதை. நல்ல கதை. ஆனால் லைன் கிளியர் கேட்கும் மணியும், கைகாட்டி மரமும், நள்ளிரவில் ஆளில்லாத நிலையத்தைத் தாண்டிப்போகும் சரக்கு ரயிலும் அவர் அளவுக்குத் தெரிந்தவர் யார்? அதை எட்டு வயதுப் பிள்ளைக்கு அவர் எழுத வேண்டும் என்பது என் பேராசை.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழை விடாமல் நடத்துகிறது. அதன் சோதனைகளைச் செய்து பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. ஆனால் இதழ்க் கட்டுரை வேறு, மடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் புரட்டும் படப்புத்தகம் வேறு. அந்த இரண்டாவது வகையில், தமிழிலேயே பிறந்த, ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று காட்டும் நூல்கள் என் அலமாரியில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுகின்றன. மீதியெல்லாம் மொழிபெயர்ப்பு.

காரணங்களில் ஒன்று பணம். எண்பது ரூபாய் விலையில் ஆயிரம் பிரதி போட்டு, எல்லாம் விற்று, பத்து சதவீத உரிமைத்தொகையும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் எழுத்தாளருக்கு எட்டாயிரம் ரூபாய். ஓவியரோடு பங்கு என்றால் அதிலும் பாதி. பால சாகித்திய புரஸ்காரின் பரிசுத்தொகை 50,000 ரூபாய், மொழிக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு. இதை நம்பி வேலையை விடுகிறவருக்கு நான் வாழ்த்துச் சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்பேன். ஆனால் பணத்தைவிடப் பெரிய தடை என் லிஃப்ட் நண்பர் சொன்ன அந்த ‘எதுக்கு’தான். குழந்தைகளுக்கு எழுதுவதென்றால் தன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு, காட்டுக்குள் போக வேண்டும் என்று நம்புகிறோம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: படித்ததையெல்லாம் கொட்டி, ‘உங்களுக்குத் தெரியுமா குழந்தைகளே’ என்று தகவல் மூட்டையை அவிழ்ப்பது. காகோவிடம் இரண்டும் இல்லை. தும்பி பிடிக்க எழுந்துபோன பிள்ளைகள் அவரை இரண்டிலிருந்தும் காப்பாற்றினார்கள். நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அச்சுக்கு முன் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறோம்?

எழுதப்படாமல் கிடக்கும் விஷயங்களுக்குப் பஞ்சமே இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் கால்வைக்க முடியும். மேட்டூரில் பதினாறு கண் மதகு திறக்கும் நாளில் முதலில் எந்தக் கண்ணைத் திறப்பார்கள், யார் முடிவு செய்வார்கள்? பாம்பனில் 1914ஆம் ஆண்டுப் பாலத்தை ஆட்கள் கையால் நெம்பித் திறந்து கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2025இல் திறந்த புதிய பாலத்தில் தண்டவாளத்தோடு ஒரு துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. அங்கேயும் அந்த லிஃப்டின் எடைக்கல் உண்டு. தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஏன் உறுமுகிறது? போர்வெல் லாரியின் இரும்புக்குழாய் நானூறு அடிக்குக் கீழே எப்படிப் பாறையைப் பொடியாக்கி மேலே ஊதுகிறது? இவற்றுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், இரவு சாப்பாட்டின்போது பேரப்பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வேலையை விட வேண்டாம். இருபத்துநான்கு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். உங்கள் தெருவிலுள்ள நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அவர்கள் எழுந்து போகாத பகுதியை மட்டும் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியே போதும்.